டிஜிட்டல் கேமராவை எப்போது மாற்றலாம்

ஃபிலிம் காலத்தில் கேமராவின் பாடி பெரும்பாலும் ஒளி புகாத ஒரு பெட்டி. படத்தின் தரத்தைத் தீர்மானித்தவை லென்ஸும் ஃபிலிமும்தான். 1982இல் வெளிவந்த நிக்கான் எஃப்எம்2 கேமராவை வைத்திருந்தவர், 1990களில் வந்த மேம்பட்ட ஃபிலிம் சுருளை அதிலேயே போட்டுப் புதிய தரத்தைப் பெற்றார். அந்த மாடல் 2001 வரை உற்பத்தியில் இருந்தது. டிஜிட்டல் கேமராவில் அந்த வழி அடைபட்டுப்போனது. ஃபிலிமின் இடத்தைப் பிடித்த சென்சாரை மட்டும் தனியே கழற்றி மாற்ற முடியாது. மேம்பட்ட சென்சார் வேண்டுமென்றால் பாடி, திரை, பொத்தான்கள், பேட்டரி எல்லாவற்றையும் சேர்த்துத்தான் வாங்க வேண்டும். புதிய கேமராவுக்கு மாறுவதா, இருப்பதையே வைத்துக்கொள்வதா என்ற குழப்பம் ஃபிலிம் காலத்தில் இவ்வளவு அடிக்கடி எழாததற்குக் காரணம் இதுவே.

தயாரிப்பு நிறுவனங்கள் இரண்டு முதல் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒவ்வொரு வரிசையையும் புதுப்பிக்கின்றன. புதிதாக வருவது ஏதோ ஒரு வகையில் மேலானதாகத்தான் இருக்கும். ஆகவே புதியது மேலானதா என்று கேட்டால் ஆம் என்ற பதிலே வரும். அதை வைத்து எந்த முடிவும் எடுக்க இயலாது. கையிலுள்ள கேமரா எந்த வகைப் படத்தில், எந்தக் காரணத்தால் தவறுகிறது, அந்தக் காரணத்தைப் புதிய கேமரா நீக்குமா என்று பார்ப்பதே பயன் தரும். அப்படிப் பார்க்க, கேமராவின் எந்தப் பகுதி இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது, எந்தப் பகுதியில் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிட்டது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

படத்தரத்தின் ஏற்றமும் தேக்கமும்

1999இல் வந்த நிக்கான் டி1 கேமராவில் இருந்தவை 2.7 மெகாபிக்சல்கள். 2003இல் கேனான் 300டி 6.3 மெகாபிக்சலுடன் ஆயிரம் டாலருக்கும் குறைந்த விலையில் வந்து, டி.எஸ்.எல்.ஆர். கேமராவைச் சாதாரண ஆர்வலரின் கைக்குக் கொண்டுவந்தது. 2005இல் கேனான் 5டி, 35 மி.மீ. ஃபிலிமின் அளவேயுள்ள ஃபுல் ஃபிரேம் சென்சாரில் 12.8 மெகாபிக்சல்களைத் தந்தது. 2007இல் நிக்கான் டி3 வந்தபோது, ஐ.எஸ்.ஓ. 6400இல் எடுத்த படம் அச்சிடும் தரத்தில் இருந்ததைக் கண்டு செய்திப் படக்காரர்கள் வியந்தார்கள். 2012இல் நிக்கான் டி800, 36.3 மெகாபிக்சலைத் தொட்டது. இந்தப் பன்னிரண்டு, பதின்மூன்று ஆண்டுகளில் கேமரா மாற்றியவர் எவரும் வித்தியாசத்தைத் தேடிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. அச்சிட்ட தாளில் அது கண்ணுக்கு நேராகத் தெரிந்தது.

அதற்குப் பிறகு ஏற்றம் தணிந்தது. ஒரே படத்தில் ஆழ்ந்த நிழலையும் பளிச்சென்ற வெளிச்சத்தையும் பதியும் திறனை டைனமிக் ரேஞ்ச் என்பார்கள். சென்சார்களை அளந்து வெளியிடும் டிஎக்ஸ்ஓமார்க்கின் கணக்கில் 2012இன் டி800 பெற்றது 14.4 ஸ்டாப், ஐந்து ஆண்டுகள் கழித்து அதன் வரிசையில் வந்த டி850 பெற்றது 14.8. ஒரு ஸ்டாப் என்பது ஒளி இருமடங்காவது. அரை ஸ்டாப்புக்கும் குறைவான அந்த முன்னேற்றத்தை இரண்டு படங்களையும் அருகருகே வைத்தாலும் பெரும்பாலோரால் கண்டுபிடிக்க முடியாது. இதே காலத்தில் கேனான் 5டி மார்க் 3இலிருந்து மார்க் 4க்கு 11.7 ஸ்டாப் 13.6 ஆக உயர்ந்தது. சமிக்ஞையை எண்ணாக மாற்றும் சுற்றைச் சென்சார் சில்லுக்கு உள்ளேயே அமைத்ததால் கிடைத்த ஏற்றம் அது. போட்டியாளர்கள் முன்பே எட்டிய இடத்தைக் கேனான் அப்போது பிடித்தது. மார்க் 3 வைத்திருந்தவருக்கு அந்த மாற்றம் உண்மையான லாபம். டி800 வைத்திருந்தவருக்கு டி850இன் கூடுதல் டைனமிக் ரேஞ்ச் மட்டும் காரணமாகியிருக்க முடியாது. எந்த மாடலிலிருந்து எந்த மாடலுக்கு என்பதைப் பொறுத்து ஒரே கேள்விக்கு விடை இப்படி நேரெதிராக மாறும்.

தேக்கத்துக்குக் காரணம் இயற்பியல். ஒளி துகள்களாக வந்து விழுகிறது; அந்த வருகை சீரானதன்று. முற்றத்தில் அருகருகே வைத்த இரண்டு கிண்ணங்களில் தூறலின்போது விழும் துளிகளின் எண்ணிக்கை ஒன்றாக இராது. அடைமழையில் அந்த வித்தியாசம் பொருட்டாகவே தெரியாது. ஒரு பிக்சலில் 10,000 ஒளித்துகள்கள் விழுந்தால் ஏற்ற இறக்கம் அதன் வர்க்கமூலமான 100, அதாவது நூற்றில் ஒன்று. 100 துகள்களே விழுந்தால் ஏற்ற இறக்கம் 10, அதாவது பத்தில் ஒன்று. மங்கிய வெளிச்சத்தில் எடுத்த படத்தில் பொறிப்பொறியாகத் தெரியும் நாய்ஸில் பெரும்பங்கு இதனால் வருவது. இந்த நாய்ஸ் ஒளியிலேயே இருக்கிறது. கேமராவின் குறை என்று சொல்வதற்கில்லை. இன்றைய சென்சார்கள் தங்கள் வண்ண வடிப்பானைக் கடந்து வரும் ஒளித்துகள்களில் பாதிக்கும் மேலானவற்றைப் பதிவு செய்துவிடுகின்றன. எஞ்சியதையும் முழுமையாகப் பிடித்தாலும் கிடைக்கப்போவது ஒரு ஸ்டாப்புக்கும் குறைவு. ஆகவே அதே அளவுள்ள சென்சாரில் அடுத்த தலைமுறை வந்து இரவுப் படங்களை அடியோடு மாற்றிவிடும் என்று காத்திருப்பதில் பொருளில்லை.

சென்சாரின் அளவை மாற்றினால் நிலைமை வேறு. ஃபுல் ஃபிரேம் சென்சாரின் பரப்பு 864 சதுர மி.மீ.; நிக்கான், சோனி ஏ.பி.எஸ்.சி. சென்சாரின் பரப்பு சுமார் 367. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் சென்சாருக்கு 225. பரப்பு பெரிதானால் மொத்தமாகச் சேரும் ஒளியும் கூடும்: ஏ.பி.எஸ்.சி.யிலிருந்து ஃபுல் ஃபிரேமுக்குப் போனால் ஒரு ஸ்டாப்புக்குச் சற்று மேல், மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸிலிருந்து போனால் ஏறக்குறைய இரண்டு ஸ்டாப். ஆனால் இரண்டு கேமராவிலும் லென்ஸின் அபெர்ச்சர் எண் ஒன்றாக இருந்தால்தான் இந்தக் கணக்கு செல்லும். ஃபுல் ஃபிரேம் பாடிக்குச் செலவழித்துவிட்டு, பணம் போதாமல் இருட்டான ஜூம் லென்ஸை மாட்டுபவர் ஒரு கையால் பெற்றதை மறு கையால் கொடுத்துவிடுகிறார்.

மெகாபிக்சலின் கணக்கு

விளம்பரங்களில் முதலில் கண்ணில் படும் எண் மெகாபிக்சல். அது பரப்பளவைக் குறிக்கும் எண் என்பதால் நுணுக்கத்தை மிகைப்படுத்திக் காட்டுகிறது. 12 மெகாபிக்சல் படம் அகலவாக்கில் சுமார் 4,250 புள்ளிகள் கொண்டது. 24 மெகாபிக்சல் படம் 6,000 புள்ளிகள். எண் இரட்டித்தாலும் அகலத்தில் கிடைத்த கூடுதல் நுணுக்கம் 41 விழுக்காடுதான். நுணுக்கம் உண்மையிலேயே இரட்டிக்க வேண்டுமென்றால் மெகாபிக்சல் நான்கு மடங்காக வேண்டும்.

படம் எங்கே பார்க்கப்படுகிறது என்பதும் இதில் முக்கியம். ஃபுல் எச்.டி. திரைக்குத் தேவை 2 மெகாபிக்சலுக்குச் சற்று மேல். 4கே தொலைக்காட்சிக்கு 8.3. தமிழ்நாட்டுத் திருமண ஆல்பங்களில் வழக்கமான அளவு விரித்தால் 12×36 அங்குலம், ஒரு பக்கத்துக்கு 12×18. அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற உயர் தரத்தில் ஒரு பக்கம் முழுவதையும் ஒரே படம் நிரப்ப 19.4 மெகாபிக்சல் வேண்டும். 12 மெகாபிக்சல் கோப்பை அதே அளவில் அச்சிட்டால் அங்குலத்துக்கு 240 புள்ளிக்கு அருகில் வரும். கையில் வைத்துப் பார்க்கும் தொலைவில் அதுவும் நன்றாகவே இருக்கும். 24 மெகாபிக்சல் கேமரா வைத்திருக்கும் திருமணப் புகைப்படக்காரர் ஆல்பத்துக்காக மெகாபிக்சலைக் கூட்ட வேண்டிய அவசியமே இல்லை.

கூடுதல் மெகாபிக்சல் உண்மையிலேயே கைகொடுப்பது படத்தை வெட்டிப் பெரிதாக்குவோருக்கு. வேடந்தாங்கலிலோ கூந்தன்குளத்திலோ தொலைவில் அமர்ந்திருக்கும் பறவையை எடுப்பவர் சட்டகத்தின் நடுப்பகுதியை மட்டுமே பயன்படுத்துகிறார். 45 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம் படத்தை ஏ.பி.எஸ்.சி. அளவுக்கு வெட்டினாலும் 19 மெகாபிக்சலுக்கு மேல் மிஞ்சும். சுவரளவு அச்சுகள், துணி நெசவும் நகை வேலைப்பாடும் தெரிய வேண்டிய வணிகப் படங்கள், ஓவியங்களையும் ஓலைச்சுவடிகளையும் ஆவணப்படுத்தும் பணி ஆகியவையும் இந்த வகையைச் சேர்ந்தவை. மற்றவர்களுக்குப் பெரிய கோப்பு பெரிய சுமை. மெமரி கார்டு, ஹார்ட் டிஸ்க், கணினியின் வேகம் எல்லாவற்றுக்கும் அதற்கேற்ற செலவு வரும். போதாததற்கு, மெகாபிக்சல் கூடக்கூடக் கை அசைவும் ஃபோகஸ் பிசகும் அதிகமாகத் துலங்கும்.

உண்மையான பாய்ச்சல் நிகழ்ந்த இடம்

நிலைப்படத்தின் தரம் தேங்கிய அதே ஆண்டுகளில் ஃபோகஸ் செய்யும் முறை அடியோடு மாறியது. கடந்த பத்தாண்டுக் கேமரா வளர்ச்சியில் பழையதைக் கைவிடுவதற்கு வலுவான காரணம் ஒன்று இருக்குமானால் அது இதுதான்.

டி.எஸ்.எல்.ஆர். கேமராவில் லென்ஸ் வழியாக வரும் ஒளியைக் கண்ணாடி ஒன்று மேலே கண்ணுக்கும், ஒரு பகுதியைக் கீழேயுள்ள தனி ஃபோகஸ் தொகுதிக்கும் திருப்புகிறது. ஃபோகஸ் பார்ப்பது ஓரிடம், படம் பதிவது வேறிடம். இரண்டுக்கும் இடையே மயிரிழை வேறுபாடு இருந்தால் போதும்; கண்ணில் வைத்த ஃபோகஸ் காது மடலில் போய் விழும். ஒவ்வொரு லென்ஸுக்கும் தனித்தனியாகத் திருத்தம் செய்து வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது இதனால்தான். தவிர, ஃபோகஸ் புள்ளிகள் சட்டகத்தின் நடுப்பகுதியிலேயே குவிந்திருந்தன. கேனான் 5டி மார்க் 4இல் அவை 61. முகம் ஓரத்தில் இருந்தால் நடுவில் ஃபோகஸ் வைத்துப் பிறகு கேமராவைத் திருப்பிச் சட்டகம் அமைக்கும் பழக்கம் அங்கிருந்து வந்தது.

மிரர்லெஸ் கேமராவில் கண்ணாடியே கிடையாது. பதிவு செய்யும் சென்சாரே ஃபோகஸையும் பார்க்கிறது. லென்ஸ் மாற்றக்கூடிய முதல் மிரர்லெஸ் கேமராவான பானசோனிக் ஜி1 2008இல் வந்தபோது அசையும் பொருள்களில் அதன் ஃபோகஸ் டி.எஸ்.எல்.ஆருக்குப் பின்தங்கியே இருந்தது. 2013இல் கேனான் 70டி, பிக்சல்களையே இரண்டிரண்டாகப் பிளந்து ஃபோகஸ் அளக்கும் முறையைக் கொண்டுவந்தது. 2018இல் சோனி ஏ7 மார்க் 3, சட்டகத்தின் பரப்பில் சுமார் 93 விழுக்காட்டை நிறைக்கும் 693 ஃபோகஸ் புள்ளிகளுடன் வெளியானது. அதே ஆண்டில் கேனானும் நிக்கானும் ஃபுல் ஃபிரேம் மிரர்லெஸுக்கு வந்து சேர்ந்தன. சென்சார் காணும் காட்சியைக் கேமராவின் கணிப்பொறியும் காண்பதால், அதற்கு முகத்தையும் கண்ணையும் இனங்காணப் பயிற்சி தர முடிந்தது. பிறகு பறவை, விலங்கு, வாகனம் என்று அந்தப் பட்டியல் நீண்டது.

திருமண மண்டபத்தில் இதன் பொருள் என்ன என்பதை அந்த வேலையில் இருப்பவர்கள் அறிவார்கள். தாலி கட்டும் நேரத்தில் மணமக்களைச் சுற்றி உறவினரின் கைகள், அட்சதை, உயர்த்திய செல்பேசிகள், ஹோமப் புகை. அந்த நொடியைத் திரும்ப நடத்திக் காட்டச் சொல்ல முடியாது. 1.8 அபெர்ச்சரில் ஃபோகஸின் ஆழம் மிகக் குறைவு, பழைய டி.எஸ்.எல்.ஆர். முன்னால் நீண்ட ஒரு கையைப் பிடித்துக்கொண்டுவிட்டால் படம் போனது போனதுதான். கண்ணைத் தேடிப் பிடித்து விடாமல் தொடரும் கேமரா அங்கே தவறவிடும் படங்களின் எண்ணிக்கையைக் கண்கூடாகக் குறைக்கிறது. பறக்கும் பறவை, ஓடும் குழந்தை, கபடி ஆட்டம் ஆகியவற்றிலும் அப்படியே. இவற்றை எடுப்பவர் 2015க்கு முந்தைய டி.எஸ்.எல்.ஆர். வைத்திருந்தால் மாற்றத்தின் பயனை முதல் நாளிலேயே உணர்வார்.

டிரைபாடில் வைத்து மலைகளையும் கோபுரங்களையும் எடுப்பவருக்கு இந்தப் பாய்ச்சலால் ஏறக்குறைய எந்தப் பயனும் இல்லை. ஸ்டூடியோவில் ஃபிளாஷ் விளக்குகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் முகத்தையோ, மேசைமேல் வைத்த பொருளையோ எடுப்பவருக்கும் அப்படித்தான். ஒளி போதுமானது, பொருள் அசைவதில்லை, ஃபோகஸைச் சரிபார்க்க நேரம் இருக்கிறது என்ற நிலையில் 2012இன் நல்ல கேமராவும் இன்றைய நல்ல கேமராவும் தரும் படங்களைப் பிரித்துச் சொல்வது கடினம்.

ஃபோகஸுக்கு அடுத்தபடி பயனுள்ள மாற்றம் ஓசையற்ற மின்னணு ஷட்டர். மார்கழிக் கச்சேரியில் ஆலாபனையின் நடுவே டி.எஸ்.எல்.ஆரின் கண்ணாடி எழுந்து விழும் ஓசை பாடகருக்கும் ரசிகருக்கும் இடைஞ்சல். ஆனால் ஓசையற்ற ஷட்டர் என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது. சாதாரண சென்சார் படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கிறது. அதற்குள் வேகமாக அசைந்த கை வளைந்து பதியும்; 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு 100 முறை துடிக்கும் விளக்குகளும் மேடையின் எல்.இ.டி. திரையும் படத்தில் பட்டைபட்டையாக விழும். அடுக்குச் சென்சார் கொண்ட கேமராக்கள் மிக விரைவாகப் படிப்பதால் இந்தச் சிக்கல் அவற்றில் வெகுவாகக் குறைகிறது. 2021இல் வந்த நிக்கான் இசட் 9 ஒரு படத்தைச் சுமார் 1/270 நொடியில் படித்துவிடுவதால் அதில் இயந்திர ஷட்டரே வைக்கவில்லை. அந்த வகைச் சென்சார் இன்னும் பெரும்பாலும் உயர்ந்த விலைக் கேமராக்களிலேயே இருக்கிறது.

பாடிக்குள்ளேயே சென்சாரை அசைத்துக் கை நடுக்கத்தை ஈடுசெய்யும் வசதியும் இன்று பரவலாகிவிட்டது. கோயில் மண்டபத்தின் மங்கிய வெளிச்சத்தில் சிற்பத்தைக் கையில் பிடித்தே எடுப்பவருக்கு அது பெரிய வரம். பரதநாட்டியம் எடுப்பவருக்கு அதனால் ஆவது கொஞ்சமே. நடுக்கம் நின்றாலும் நடனம் நிற்பதில்லை. ஷட்டர் வேகம் 1/250 நொடிக்கு மேல் இருந்தே ஆக வேண்டும்.

வீடியோவில் இடைவெளி இன்னும் பெரிது. 2008இல் கேனான் 5டி மார்க் 2 ஃபுல் எச்.டி. வீடியோ எடுக்கத் தொடங்கியது ஒரு புரட்சி. அந்தக் காலத்து 8 பிட் பதிவில் ஒரு வண்ணத்துக்கு 256 படிகள். இன்றைய 10 பிட் பதிவில் 1,024. வண்ணத் திருத்தத்தின்போது வானமும் சுவரும் பட்டைபட்டையாகப் பிரியாமல் இருப்பது அதனால்தான். வீடியோ வேலை செய்பவர் பழைய கேமராவோடு மல்லுக்கட்டத் தேவையில்லை; வீடியோவைத் தொடவே தொடாதவர் அதற்காகப் பணம் கொடுக்கவும் தேவையில்லை.

புதியதில் குறைவதும் உண்டு

விவரப் பட்டியல்கள் கூட்டலை மட்டுமே காட்டும். 2024இல் வந்த நிக்கான் இசட் 6 மார்க் 3, வேகத்திலும் ஃபோகஸிலும் முந்தையதைத் தாண்டியது. ஆனால் அதன் வேகமான சென்சார் அடிப்படை ஐ.எஸ்.ஓ.வில் நிழல் பகுதிகளை வெளிச்சமாக்கும்போது மார்க் 2ஐவிடச் சற்றுக் கூடுதல் நாய்ஸைக் காட்டுகிறது. முழுச் சட்டகத்தையும் ஒரே கணத்தில் பதியும் சோனி ஏ9 மார்க் 3இன் அடிப்படை ஐ.எஸ்.ஓ. 250, ஒரு காட்சியின் ஒளி வீச்சைப் பதிவதில் அது அதே விலையிலுள்ள மெதுவான கேமராக்களுக்குப் பின்னால் நிற்கிறது. விளையாட்டுப் படக்காரருக்கு அது பொருட்டல்ல. நிலக்காட்சி எடுப்பவருக்கு அந்த மாற்றம் இறக்கமே.

பேட்டரியும் அப்படித்தான். ஜப்பானியக் கேமரா உற்பத்தியாளர் சங்கமான சிபாவின் அளவு முறைப்படி டி850 ஒரு பேட்டரியில் 1,840 படங்கள் எடுக்கும். 2018இல் வந்த மிரர்லெஸ் இசட் 7க்கு அந்த எண் 330. நடைமுறையில் இதைவிடக் கூடுதலாகவே கிடைக்கும் என்றாலும் மிரர்லெஸுக்கு மாறுபவர் இரண்டு பேட்டரிகளின் விலையைச் சேர்த்தே கணக்கிட வேண்டும். காட்சியைத் திரையாகக் காட்டும் மின்னணு வியூஃபைண்டர் படத்தின் வெளிச்சத்தை எடுப்பதற்கு முன்பே காட்டிவிடுவது பெரிய வசதி; கண்ணாடி வழியே நேராகப் பார்த்துப் பழகிய சிலருக்கு அது ஒருபோதும் பிடிப்பதில்லை. கையில் பிடித்துப் பார்க்காமல் விவரப் பட்டியலை மட்டும் நம்பி வாங்குவது இந்த ஒரு காரணத்துக்காகவே தவிர்க்கத்தக்கது.

முதலில் லென்ஸ்

கிட் லென்ஸ் மட்டும் வைத்திருக்கும் ஒருவர் மண்டபத்தில் எடுத்த படங்கள் நாய்ஸோடு வருகின்றன என்று பாடியை மாற்ற நினைப்பது மிகப் பரவலான, மிக வருந்தத்தக்க செலவு. கிட் லென்ஸின் நீண்ட முனையில் திறப்பு எஃப் 5.6. விலை குறைந்த 50 மி.மீ. லென்ஸின் திறப்பு எஃப் 1.8, அது ஏறக்குறைய பத்து மடங்கு ஒளியை உள்ளே விடுகிறது. ஐ.எஸ்.ஓ. 6400இல் எடுக்க வேண்டியிருந்த படத்தை 640இல் எடுத்துவிடலாம். மூன்று ஸ்டாப்புக்கு மேலான இந்த முன்னேற்றத்தை ஏ.பி.எஸ்.சி.யிலிருந்து ஃபுல் ஃபிரேமுக்குப் போனாலும் பெற முடியாது. லென்ஸின் விலையோ புதிய பாடியின் விலையில் ஒரு சிறு பங்கு. அதோடு நல்ல லென்ஸ் நீண்ட நாள் பயன்படும். பாடிகள் மாறினாலும் அது கூடவே வரும். முகப்படம் எடுப்போருக்குக் கூரையில் மோதித் திரும்பும்படி அடிக்கக்கூடிய ஒரு ஃபிளாஷும் இதே அளவு மாற்றத்தைத் தரும்.

புதிய கருவி வாங்காமலே கிடைப்பவையும் உண்டு. ரா கோப்புகளில் நாய்ஸ் நீக்கும் மென்பொருள்கள் 2020க்குப் பிறகு பெரிதும் தேறிவிட்டன. டிஎக்ஸ்ஓவின் டீப்பிரைம் அந்த ஆண்டில் வந்தது. அடோபி லைட்ரூமில் அத்தகைய வசதி 2023இல் சேர்ந்தது. பத்தாண்டுக்கு முன் எடுத்த ரா கோப்பும் இவற்றில் புது மெருகு பெறுகிறது. ஜேபெக் மட்டுமே எடுத்துக்கொண்டிருப்பவர் ராவுக்கு மாறினால் கேமராவை மாற்றியதுபோன்ற வித்தியாசத்தைக் காண்பார். ஃபர்ம்வேர் புதுப்பிப்பையும் பார்த்துவிட வேண்டும். நிக்கான் இசட் 6க்கும் சோனி ஏ7 மார்க் 3க்கும் 2019இல் வந்த புதுப்பிப்புகள் முன்னதற்கு மனிதக் கண்ணையும், பின்னதற்கு விலங்கின் கண்ணையும் தேடும் ஃபோகஸைத் தந்தன.

தவறிய படங்களைப் படித்தல்

கேமராவை மாற்ற நினைப்பவரிடம் அதற்கான சான்று ஏற்கெனவே இருக்கிறது: கழித்துப் போட்ட படங்கள். ஒவ்வொரு கோப்பிலும் ஷட்டர் வேகம், அபெர்ச்சர், ஐ.எஸ்.ஓ., குவிய நீளம் எல்லாம் பதிவாகியிருக்கின்றன. ஓர் ஆண்டில் வீணான படங்களை வரிசையாகத் திறந்து, ஒவ்வொன்றும் ஏன் வீணானது என்று பார்த்தால் தெளிவு பிறக்கும். படம் முழுவதும் ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை அசைந்தது. பின்னணி கூர்மையாக இருந்து ஆள் மட்டும் குழம்பியிருந்தால் ஷட்டர் வேகம் போதவில்லை. அதற்குத் தேவை ஒளி, அல்லது பெரிய திறப்புள்ள லென்ஸ். ஆளுக்குப் பின்னாலோ முன்னாலோ உள்ள ஏதோ ஒன்று கூர்மையாக இருந்தால் ஃபோகஸ் தவறியது. புதிய பாடி இதைத் திருத்தக்கூடும். எல்லாம் கூர்மையாக இருந்தும் படம் சப்பென்று இருந்தால் ஒளி வந்த திசையும் நின்ற இடமும் காரணம். அதற்குக் கடையில் விற்கும் எதுவும் மருந்தாகாது.

தவறியவற்றில் பெரும்பான்மை ஃபோகஸ் பிசகு என்று தெரிந்தால் அடுத்த படி வாடகைக்கு எடுத்துப் பார்ப்பது. சென்னை, கோவை போன்ற நகரங்களில் பாடியும் லென்ஸும் நாள் வாடகைக்குக் கிடைக்கின்றன. வழக்கமாக எடுக்கும் அதே வகை நிகழ்ச்சியில், அதே லென்ஸ் வகையோடு ஒரு நாள் எடுத்துப் பார்த்தால் எந்த மதிப்புரையும் சொல்லாததைச் சொந்தப் படங்கள் சொல்லிவிடும்.

விலைச் சீட்டில் இல்லாத செலவுகள்

டி.எஸ்.எல்.ஆரிலிருந்து மிரர்லெஸுக்கு மாறும்போது லென்ஸ் மவுண்ட்டும் மாறுகிறது. 1987இல் வந்த கேனான் இ.எஃப். லென்ஸ்களை ஆர்.எஃப். பாடிகளில் கேனானின் அடாப்டரோடு பொருத்தினால் ஆட்டோஃபோகஸ் நன்றாக வேலை செய்யும். நிக்கானில் கவனம் வேண்டும்: எஃப்.டி.இசட். அடாப்டரில் மோட்டார் இல்லாததால், பாடியிலுள்ள மோட்டாரால் இயங்கும் பழைய ஏ.எஃப்.டி. லென்ஸ்கள் இசட் பாடிகளில் கையால்தான் ஃபோகஸ் செய்யப்பட வேண்டும். அப்படிப்பட்ட லென்ஸ்கள் நான்கைந்து வைத்திருப்பவருக்குப் பாடியின் விலை மொத்தச் செலவில் பாதிகூட இராது. வேகமான கேமராக்கள் கேட்கும் சி.எஃப். எக்ஸ்பிரஸ் கார்டு, கூடுதல் பேட்டரி, பெரிய ஹார்ட் டிஸ்க், 45 மெகாபிக்சல் கோப்பைத் திணறாமல் திறக்கும் கணினி ஆகியவற்றையும் கூட்டிய பிறகுதான் உண்மை விலை தெரியும்.

தொழில்முறைப் படக்காரருக்கு இன்னொரு கணக்கும் உண்டு. ஒரே நேரத்தில் இரண்டு கார்டுகளில் பதியும் வசதி படத்தரத்தில் எதையும் கூட்டாது. ஆனால் முகூர்த்தப் படங்கள் இருக்கும் ஒரே கார்டு பழுதானால் அந்த இழப்பை ஈடுகட்டவே முடியாது. 2018இன் இசட் 6இல் ஒரு கார்டு இடமே இருந்தது. கடும் குறைகூறலுக்குப் பிறகு 2020இன் மார்க் 2இல் இரண்டு வந்தன. ஒற்றைக் கார்டு கேமராவால் திருமணம் எடுப்பவர் மாறுவதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

புதிய மாடல் வெளியாகும் நாள், முந்தைய மாடலை வாங்க நல்ல நாள். அதன் விலை இறங்குகிறது, பழைய சந்தையிலும் வரத்துக் கூடுகிறது. பழையதை வாங்குபவர் ஷட்டர் எத்தனை முறை இயங்கியது என்று பார்க்க வேண்டும். 5டி மார்க் 4இன் ஷட்டர் 1,50,000 முறைக்கும் டி850இன் ஷட்டர் 2,00,000 முறைக்கும் சோதிக்கப்பட்டவை. கடலோர ஊர்களிலிருந்து வரும் லென்ஸ்களில் பூஞ்சை ஏறியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பது கட்டாயம். கண்ணாடிப் பூச்சை அரித்த பூஞ்சையைத் துடைத்தாலும் தழும்பு போகாது. இறக்குமதி வரி கட்டாமல் வரும் கிரே மார்க்கெட் சரக்குக்கு இந்தியாவில் நிறுவன உத்தரவாதம் கிடையாது என்பதையும் விலைக் குறைவோடு சேர்த்து எடைபோட வேண்டும்.

சந்தையே சுருங்கிவருவதும் இந்த முடிவைத் தொடுகிறது. சிபாவின் கணக்கில் 2010இல் உலகெங்கும் 12 கோடிக்கு மேற்பட்ட டிஜிட்டல் கேமராக்கள் கடைகளுக்கு அனுப்பப்பட்டன. 2020இல் அது ஒரு கோடிக்கும் கீழே போனது. செல்பேசி விழுங்கியது பெரும்பாலும் சிறிய காம்பாக்ட் கேமராக்களை. எஞ்சிய நிறுவனங்கள் விலை உயர்ந்த மிரர்லெஸ் மாடல்களில் கவனத்தைக் குவித்தன. கேனான் 1டி எக்ஸ் மார்க் 3, நிக்கான் டி6 என 2020இல் வந்தவையே இரு நிறுவனங்களின் டி.எஸ்.எல்.ஆர். வரிசையில் கடைசி உச்ச மாடல்கள். டி.எஸ்.எல்.ஆருக்கான உதிரிப் பாகங்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டேதான் போகும். ஆகவே ஷட்டரோ மதர்போர்டோ பழுதாகும்போது, பழுது பார்க்கும் செலவு அதே பாடியின் பழைய சந்தை விலையில் பாதியைத் தாண்டினால் அந்தப் பணத்தைப் புதியதில் போடுவது மேல். பழுதில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும் பாடியை, புதியது வாங்கிய பிறகும் திருமணப் படக்காரர் இரண்டாவது கேமராவாக வைத்துக்கொள்ளலாம். ஒரு பாடி மட்டும் போதும் என்றிருக்கும் ஆர்வலர், அதன் லென்ஸ்களுக்கு இன்னும் கிராக்கி இருக்கும்போதே சேர்த்து விற்றுவிடுவது நல்லது.